கல்லா ஷார்ட்டுன்னு சம்பளத்துல 1050 ரூபா புடிச்சுட்டாங்க, கேஷ் கவுன்டர்ல இருக்கறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லிங்ல இருக்கேன், கடை பேர் வேணாம். சேர்ந்து எட்டு மாசம் ஆவுது. பி.காம் முடிச்சிட்டு வேற வேலை கிடைக்கற வரைக்கும்னு போனது, இப்ப என் சம்பளம் இல்லன்னா வீட்டு வாடகை நிக்கும். போன மாசம் சம்பளத்துல 1050 ரூபா கம்மியா வந்துச்சு. கேட்டா கல்லா ஷார்ட், பணம் குறையுது, நீதான் உக்காந்த நீதான் கட்டணும்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. உக்காந்தன்னு சொல்றாங்க, ஆனா எங்க கவுன்டர்ல உக்கார ஸ்டூலே கிடையாது, அது வேற கதை.

எப்படி ஷார்ட் ஆச்சுன்னு எனக்கு பாதிக்கு மேல தெரியும். 15ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை அக்கவுன்ட்ல விழுந்த சாயங்காலம், மூணு கவுன்டர்லயும் லைன் அரிசி மூட்டை அடுக்கி வச்சிருக்கற வரைக்கும் நிக்குது, ஒருத்தர் 232 ரூபாய்க்கு பில் போட்டு ஐநூறு ரூபா நோட்டு குடுத்தாரு, நான் 268 எண்ணி கைல குடுத்துட்டேன். அப்பதான் அவரு "இரும்மா எங்கிட்ட 32 ரூபா சில்லறை இருக்குது, நீ முந்நூறா குடுத்துடு"ன்னாரு. பின்னாடி ஒரு அம்மா கைக்குழந்தைய வச்சிக்கினு சீக்கிரம் சீக்கிரம்னு கத்தறாங்க, நான் 32 ரூபாய வாங்கி ட்ராயர்ல போட்டு மூணு நூறு ரூபா நோட்ட எடுத்து குடுத்துட்டேன். முன்னாடி குடுத்த 268 அவரு கைலயே போயிடுச்சு. அவரு வேணும்னு செஞ்சாரா இல்ல அவருக்கும் தெரியலயான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ராத்திரி கேஷ் எண்ணும்போது சரியா 268 உதைக்குது, அப்பதான் தலைல அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு அதே நாள் 640 ரூபா, யூபிஐ. கஸ்டமர் போன்ல பச்சை டிக் காட்டினாங்க, ஸ்பீக்கர் பாக்ஸ் சத்தம் குடுக்கல. நான் ஒரு நிமிஷம் இருங்கன்னேன், சூப்பர்வைசர் அண்ணாவே வந்து "டிக் வந்துச்சுல்ல அனுப்பு, லைன் நிக்குது"ன்னாரு. மறுநாள் அந்தப் பணம் வரலன்னு என் கணக்குல எழுதிட்டாங்க. மிச்சம் 142 எங்க போச்சுன்னு தெரியல. சாப்பிட போற அரை மணி நேரத்துல பக்கத்து கவுன்டர் பொண்ணு என் லாகின்லயே பில் போடுவா, அவ போனா நான் அவளதுல போடுவேன். இதுல யாரு கணக்குல எது தப்புச்சுன்னு எப்படி சொல்றது?

பணம் ஒரு பக்கம். மத்தியானம் ஒரு மணிக்கு நின்னா ராத்திரி பத்து வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்கறேன், வீட்டுக்கு வந்து செருப்ப கழட்டினா குதிகால் தரைல வைக்க முடியல, அம்மா வெந்நில உப்பு போட்டு குடுப்பாங்க. போன்ல பேசிக்கினே வந்து சாமான கவுன்டர்ல கொட்டுவாங்க, பை வேணுமான்னு கேட்டா பதில் வராது, பில் போட்டு முடிச்சப்புறம் பை எங்கன்னு கேப்பாங்க, பைக்கு காசுன்னு சொன்னா என்ன திட்டுவாங்க. பில் முடிஞ்சப்புறம் இந்த எண்ணெய எடுத்துடுன்னுவாங்க, கேன்சல் பண்ண பாஸ்வேர்ட் சூப்பர்வைசர் கைல, அவரு குடோன்ல இருப்பாரு. ஒரு ரூபா ரெண்டு ரூபா சில்லறையே எங்களுக்கு தர மாட்டாங்க, சாக்லேட் குடுன்னு மேல சொல்லிட்டு போயிடுவாங்க, "இன்னா நாங்க கேட்டமா உன் முட்டாய"ன்னு மூஞ்சில வாங்கறது நான். அந்த 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி குறைஞ்ச நாள்ல இருந்து ஒரு மாசம் பட்ட பாடு இருக்குதே, சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துடுச்சு, கவர்ல பழைய எம்ஆர்பி, கம்ப்யூட்டர்ல சிலது புது விலை சிலது பழைய விலை, டிவில குறைஞ்சிடுச்சின்னு சொல்றான் நீ ஏமாத்தறியான்னு என்னமோ நானே விலை போட்ட மாதிரி கேட்டாங்க.

இதெல்லாம் பொறுத்துக்கறேன். ஆனா நின்னு சம்பாரிச்ச காச எடுத்துட்டாங்கன்றதுதான் மனசு ஆறல. வேலைய விட முடியாது. ஷார்ட் வராம பாத்துக்க என்ன செய்யலாம், அவங்க புடிக்கறது சரிதானா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எம்சி ரோடு அக்கா:

கண்ணு, மொதல்ல அழாத. நான் வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்ல ஜவுளிக்கடை கேஷ்ல பதினாலு வருஷமா இருக்கேன், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல்னு எத்தனையோ கூட்டம் பாத்தாச்சு. இந்த "இரு சில்லறை தரேன்" கதைல நானும் மாட்டி இருக்கேன், எனக்கு போனது 740 ரூபா, அப்ப அது எனக்கு மூணு நாள் சம்பளம். மாடி ஸ்டாக் ரூம்ல புடவை கட்டுக்கு நடுவுல உக்காந்து அழுதேன், அப்ப ஒரு பெரியவரு, எங்க பழைய கேஷியர், வந்து ஒண்ணு சொல்லிக் குடுத்தாரு, அன்னிலருந்து இந்த வழில ஒரு ரூபா போனதில்ல.

கஸ்டமர் குடுத்த நோட்ட ட்ராயர் உள்ள போடாத. மேல, உன் பக்கம், கீபோர்டு அண்ட வை. வாய விட்டு சொல்லு, "ஐநூறு குடுத்திருக்கீங்க". மீதிய எண்ணிக் குடு, அவரு எண்ணி வாங்கிட்டு நகந்தப்புறம்தான் அந்த ஐநூற உள்ள போடணும். ஐநூறு குடுத்தேன் நூறு குடுத்தேன்னு சண்டையே வராது, நோட்டு கண்ணு முன்னாடி இருக்கும். நடுவுல சில்லறை தரேன்னா சரின்னு சொல்லு, ஆனா அதுக்கு முன்னாடி குடுத்த மீதி பூரா திரும்ப மேசைக்கு வரணும். "அண்ணா அந்த 268அ குடுங்க, மொதல்லருந்து பாக்கலாம்." இத சொல்ல வெக்கப்படாத, பின்னாடி யாரு கத்தினாலும் சரி. 268 மேசைல, ஐநூறு மேசைல, 32 மேசைல, எல்லாத்தையும் ஒண்ணா பாத்தப்புறம்தான் முந்நூறு உன் கைய விட்டு போகணும். லைன்ல நிக்கறவங்க ஒரு நிமிஷம் திட்டுவாங்க, வீட்டுக்கு போனா மறந்துடுவாங்க, உனக்கு மாசக்கடைசி வரைக்கும் வலிக்கும்.

சில்லறைக்கு நான் பண்றது என்னன்னா, கோயில் வாசல் பூக்காரம்மாங்க ரெண்டு பேரு, ஒரு டீக்கடை, இவங்ககிட்ட காலைலயே நோட்டு குடுத்து காயின் வாங்கிப்பேன், கடை காசுல, சீட்டு எழுதி வச்சிட்டு. பேங்க்லயும் காயின் மாத்தித் தரணும், கடை அக்கவுன்ட் இருக்கற பிரான்ச்ல ஓனர் ஆள் அனுப்பினா குடுப்பாங்க. பத்து ரூபா காயின வேணாம்னு எவனாவது சொன்னா விடாத, அது வரைக்கும் பதினாலு டிசைன்ல வந்திருந்துச்சு, எல்லாமே செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரிலயே சொல்லிடுச்சு. ரூபா குறியீடு இருந்தாலும் செல்லும் இல்லன்னாலும் செல்லும், எங்க கவுன்டர்ல எழுதியே ஒட்டி வச்சிருக்கோம்.

ஒரு நோட்டு வாங்கு. டியூட்டி ஏறும்போது ட்ராயர எண்ணி 500 எத்தனை 200 எத்தனை காயின் எவ்ளோன்னு எழுது, சாப்பிட போகும்போது எழுது, வந்து எழுது. நாள் முடிவுல மட்டும் எண்ணினா தப்பு எந்த நேரத்துல நடந்துச்சுன்னு கண்டுபுடிக்கவே முடியாது. காயின பிளாஸ்டிக் டப்பால தனித்தனியா ஐம்பது ஐம்பதா போட்டு வை, கண்ணால பாத்தாலே தெரியும். அந்த லாகின் மாத்தி மாத்தி உக்கார்றத மட்டும் இன்னிக்கே நிறுத்து, அவ எவ்ளோ நல்ல பொண்ணா இருந்தாலும்.

காலுக்கு, ரப்பர் பாய் ஒண்ணு கீழ போட்டுக்க. டைல்ஸ்ல வெறும் செருப்புல நின்னா முட்டி போயிடும், எனக்கு போயிடுச்சு.

காசிமேடு மெடிக்கல்:

இன்னாமா, அந்த 640அ பத்தி சொல்றேன் கேளு. நான் மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல குந்திக்கினு இருக்கறவன், எங்களுக்கு முக்கால்வாசி யூபிஐதான் இப்ப. பச்சை டிக்க நம்பாத. அதே மாதிரி ஸ்க்ரீன் காட்டற டுபாக்கூர் ஆப்பே இருக்குது, நேத்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்ட காட்டிட்டு போறவனும் இருக்கான். ஸ்பீக்கர் பேசணும், இல்ல கடை போன்ல மெசேஜ் வரணும், ரெண்டும் இல்லன்னா பன்னெண்டு டிஜிட் ரெஃபரன்ஸ் நம்பர் அவங்க போன்ல இருக்கும், அத பில்லு பின்னாடி எழுதி கஸ்டமர் நம்பரயும் வாங்கிக்க. அந்த நம்பர் கைல இருந்தா பணம் எங்க போச்சுன்னு தேடலாம், இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா எல்லாரையும் திருடன்னு நெனச்சிக்கினு பாக்காத, அத்த நான் ஒரு ஆள்கிட்ட கத்துக்கினேன். தடைக்காலத்துல, அதாம்மா ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு லாஞ்சு கடலுக்கு போவாதுல்ல, அப்ப இங்க யாரு கைலயும் காசு ஓடாது, ஒரு பெரியவரு சுகர் மாத்திரை வாங்க வந்தாரு, 410 ரூபா, பேரன் போன்ல அனுப்பிட்டான், அவங்க பக்கம் பணம் போயிடுச்சு எங்களுக்கு வரல. நான் கொஞ்சம் கடுசா பேசிட்டேன். மாத்திரைய வச்சிட்டு போயிட்டாரு. மறுநாள் சாயங்காலம் அவரே வந்து, பேங்க்ல பணம் திரும்பிடுச்சுப்பான்னு கைல மடிச்சி வச்சிருந்த நோட்டா குடுத்து மாத்திரைய வாங்கிக்கினு போனாரு. நோட்டு ஈரமா உப்பு புடிச்சி இருந்துச்சு, ட்ராயர்ல ஒட்டிக்கும்னு பேப்பர் மேல விரிச்சி ஃபேன்ல காய வச்சேன். ஒரு நாள் மாத்திரை போடாம இருந்திருப்பாரு, அது என்னாலதான், இன்னும் உறுத்துது.

கடைக்காரன் கைக்கு வராம கஸ்டமர் அக்கவுன்ட்ல மட்டும் கழிஞ்சிருந்தா, அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல போனா நாளுக்கு நூறு ரூபா பேங்க் குடுக்கணும்னு 2019லயே ரிசர்வ் பேங்க் ரூல் போட்டிருக்குது. அதனால கஸ்டமருக்கும் நஷ்டம் இல்ல. இன்னொண்ணு, உங்க கடைல மூணு கவுன்டர்னு சொன்ன, மூணு க்யூஆர் ஸ்டாண்ட் இருக்கும்ல, தொடைக்கும்போது மாத்தி வச்சிருந்தா உன் பணம் பக்கத்து கவுன்டர் ஸ்பீக்கர்ல பேசிக்கினு இருந்திருக்கும். அந்த நாள் மத்த ரெண்டு கவுன்டர் கணக்குல 640 எக்ஸ்ட்ரா நிக்குதான்னு பாக்க சொல்லு. எங்க கடைல ஒரு தடவ நடந்துச்சு.

பழைய ஃப்ளோர் மேனேஜர்:

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் பெரம்பூர் பக்கம் ஒரு கடைல ஆறு வருஷம் ஃப்ளோர் மேனேஜரா இருந்தவன், இந்த மாதிரி ஷார்ட் காச பொண்ணுங்க சம்பளத்துல புடிச்ச லிஸ்ட்ட நானே எழுதி ஆபீஸ்க்கு அனுப்பி இருக்கேன். மாசம் மூணு பேரு நாலு பேரு. அப்ப அது தப்புன்னு தோணல, மேலருந்து சொன்னாங்க செஞ்சேன். இப்ப தோணுது. அதனால தெரிஞ்சத முழுசா சொல்றேன் தங்கச்சி.

2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21லருந்து அமலுக்கு வந்திருக்கு, கடைங்களுக்கும் சேத்துதான். காசு குறைஞ்சா புடிக்கவே கூடாதுன்னு அதுல இல்ல, பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். புடிக்கலாம், ஆனா அந்த நஷ்டம் அந்த ஆளோட அஜாக்கிரதையால நேரா வந்ததா இருக்கணும். நஷ்டம் எவ்ளோவோ அதுக்கு மேல ஒரு ரூபா புடிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, புடிக்கறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட விளக்கம் சொல்ல சந்தர்ப்பம் குடுத்திருக்கணும், இது 21ஆவது பிரிவு. உங்கிட்ட யாராவது கேட்டாங்களா? கேக்கல. சம்பளம் வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. அங்கயே தப்பு.

இப்ப உன் 1050அ பிரிச்சுப் பாரு. 268 உன் கைத்தப்பு, அத ஒத்துக்க, ஒத்துக்கிட்டாதான் மத்தத பேச முடியும். 640, சூப்பர்வைசர் அனுப்ப சொன்னாரு, நீ நிறுத்தினத அவரு விட சொல்லி இருக்காரு, அது எப்படி உன் அஜாக்கிரதை ஆகும்? 142, ஒரு ட்ராயர்ல ரெண்டு பேரு கை போட்டிருக்கீங்க, எண்ணி வாங்கி எண்ணி குடுத்த கணக்கு இல்ல. ஒரு ட்ராயர், ரெண்டு ஆளுன்னா அதுல வர ஷார்ட்ட ஒருத்தி தலைல கட்ட முடியாது. நாங்க கட்டினோம், ஏன்னா யாரும் கேக்கல. லாகின் யாரு பேர்ல இருக்கோ அவங்க பேர்ல எழுதிடுவோம், கேமரா கூட போட்டுப் பாக்க மாட்டோம், அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னு. சில நாள் ஷார்ட்டே கிடையாது, கேன்சல் பண்ணின பில் சிஸ்டத்துல கேன்சல் ஆகாம நிக்கும், இல்ல கார்டுன்னு போட வேண்டியத கேஷ்னு அமுக்கி இருப்பாங்க. அடுத்த நாள் எக்சஸ், அதாவது கணக்க விட காசு அதிகமா வரும், அத கடை எடுத்துக்கும். எக்சஸ் வந்தா கடைக்கு, ஷார்ட் வந்தா பொண்ணுக்கு. இத எழுதும்போதே எனக்கு கை கூசுது.

சண்டையா ஆரம்பிக்காத. ஒரு பேப்பர்ல தேதி போட்டு மூணு விஷயத்தையும் தமிழ்ல எழுதி மேனேஜர் கைல குடு, போட்டோ எடுத்து வச்சிக்க. 15ஆம் தேதி கேமராவும் மூணு கவுன்டர் யூபிஐ கணக்கும் பாக்கணும்னு கேளு. கேமரா பதிவு எங்க கடைல பதினஞ்சு நாள்ல அழிஞ்சிடும், அதனால இனிமே எது நடந்தாலும் அன்னிக்கே கேக்கணும். ஒண்ணும் நடக்கலன்னா தொழிலாளர் துறைல புகார் குடுக்கலாம், ஆணையர் ஆபீஸ் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கு, தண்டையார்பேட்டை மெட்ரோல ஏறினா மாறவே வேணாம், ஏஜி டிஎம்எஸ்ல எறங்கிடலாம். சம்பள சீட்டு, பேங்க் பாஸ்புக்கு ரெண்டும் எடுத்துட்டு போ.

அப்புறம் ஸ்டூல். அது அவங்க இஷ்டம் இல்ல. 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ அப்படின்னு புதுசா ஒரு பிரிவு சேத்தாங்க, எல்லா கடைலயும் வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி செஞ்சு தரணும், நாள் பூரா நிக்க வைக்கக் கூடாதுன்னு. சட்டசபைல வந்தப்ப பேப்பர்ல படிச்சேன், எங்க கடைல ரெண்டு ஸ்டூல் வாங்கினாங்க, இன்ஸ்பெக்ஷன் வருதுன்னா வெளிய வரும், மத்த நாள் குடோன்ல. அதுக்கும் நான்தான் சாட்சி.

ராயபுரம் வாசகர்:

நான் கேஷியர் இல்ல, சாமான் வாங்கறவன். படிச்சிட்டு என்னமோ பண்ணுது. போன்ல பேசிக்கினே பில் போட்டிருக்கேன், பில் முடிஞ்சப்புறம் ரெண்டு பொருள எடுக்க சொல்லி இருக்கேன், அதுக்கு சூப்பர்வைசர் வரணும்னு எனக்கு தெரியாது, அந்தப் பொண்ணு வேணும்னு லேட் பண்றான்னு நெனச்சேன். மன்னிச்சுக்கம்மா. மஞ்சப்பை வண்டி சீட் கீழயே கிடக்குது, இனிமே எடுத்துக்கினு வரேன்.

தண்டையார்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழிச்சு எழுதறேன்.

மெடிக்கல் அண்ணா சொன்னதுதான் நடந்திருக்கு. மேனேஜர் சார் மொதல்ல பாக்கலாம் பாக்கலாம்னாரு, எழுதி குடுத்தப்புறம் அக்கவுன்ட்ஸ் அண்ணாவ கூப்ட்டு பாக்க சொன்னாரு. 15ஆம் தேதி ராத்திரி 7.42க்கு ரெண்டாவது கவுன்டர் க்யூஆர்ல 640 வந்திருக்கு, என் பில்லு 7.41. அந்தக் கவுன்டர்ல அன்னிக்கு எக்சஸ்னு எழுதி விட்டிருக்காங்க, யாரும் ரெண்டையும் சேத்துப் பாக்கல. மாப் போடற அக்கா ஸ்டாண்டெல்லாம் எடுத்து தொடச்சி வச்சப்ப மாறி இருக்கு, அவங்கள யாரும் திட்ட வேணாம்னு நானே கேட்டுக்கிட்டேன். 640 அடுத்த சம்பளத்துல சேத்து தரேன்னு சொல்லி இருக்காரு, எழுதி குடுங்கன்னு கேட்டேன், கொஞ்சம் மூஞ்ச சுளிச்சாரு, ஆனா குடுத்தாரு. 268 என் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். 142க்கு இன்னும் பதில் இல்ல.

ஃப்ளோர் மேனேஜர் அண்ணா, நீங்க எழுதினத என் கூட வேலை செய்ற ரெண்டு பேருக்கும் படிச்சு காட்டினேன். அவளுங்களுக்கும் புடிச்சிருக்காங்க, ஒருத்திக்கு 300, ஒருத்திக்கு 85, வெளிய சொல்லாம இருந்திருக்காளுங்க. இப்ப மூணு பேரும் நோட்டு வாங்கிட்டோம். சாப்பிட போகும்போது லாகின் அவுட் பண்ணி ட்ராயர பூட்டிட்டுதான் போறோம், அந்த அரை மணி நேரம் ரெண்டு கவுன்டர்தான் ஓடுது, சூப்பர்வைசர் அண்ணாவுக்கு புடிக்கல, ஒண்ணும் சொல்லல.

நேத்து ஒரு ஆள் மறுபடியும் "இரு சில்லறை தரேன்"ன்னாரு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. "அண்ணா மொதல்ல குடுத்தத மேசைல வைங்க"ன்னேன். வச்சாரு. எண்ணினோம், சரியா இருந்துச்சு, தேங்க்ஸ்மான்னு சொல்லிட்டு போயிட்டாரு.

ஸ்டூல் பத்தி இன்னும் கேக்கல. மூணு பேரும் சேந்து திங்கக்கிழமை எழுதி குடுக்கறதா இருக்கோம்.

அக்கா, அந்த காயின் டப்பா நீங்க எங்க வாங்கினீங்க?

எம்சி ரோடு அக்கா:

பாரீஸ்ல ஈவ்னிங் பஜார் உள்ள போ கண்ணு, மூடி இறுக்கமா இருக்கறதா பாத்து வாங்கு. ரப்பர் பாயும் அங்கயே கிடைக்கும், மூணு பேருக்கும் சேத்து கேளு, குறைச்சு தருவாங்க.